நூறு சாரின் தொடை

வேலையில் சேர்ந்த முதல் நாள், நாலாவது மாடி ஆய்வுக்கூடத்துக்குள் நான் நுழைந்ததும் தலைமை விஞ்ஞானி கேட்டது என் பெயரை அல்ல, படிப்பை அல்ல. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கின?" என்றார். ஏழு மணி நேரம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நான் ஆறு மணி நேரம். ஆறுதான் கணக்கு. அதுக்கு மேல தூங்கறது உடம்புக்காக இல்ல, சோம்பலுக்காக" என்றார். அப்புறம் என் ஸ்வெட்டரைப் பார்த்தார். "எனக்குக் குளிரலையே?"

கழற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தேன். அதை எடுத்து நீட்ட ஒரு நல்ல தருணம் வரும் என்று அன்று மாலை வரை காத்திருந்தேன். வரவில்லை. குளிர்தான் வந்தது.

அப்படித்தான் அந்த இனத்தை முதன்முதலாகக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அளவுகோல் மனிதர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உலகத்தில் எதையும் அளப்பதற்கு அவர்கள் தம்மையே எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். தமக்குப் பசித்தால் அது சாப்பாட்டு நேரம், தமக்குப் பசிக்காவிட்டால் மற்றவர்கள் தின்னிப் பண்டாரங்கள். தாம் நடக்கிற வேகம் நடை, அதைவிட மெதுவாகப் போகிறவன் ஆமை, வேகமாகப் போகிறவன் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளப் போகிறவன். தமக்குப் புரிந்த புத்தகம் நல்ல புத்தகம், புரியாதது அச்சுப் பிழை.

உங்களுக்கு அவர்களைத் தெரியும். பல்லைப் பிடித்துக்கொண்டு நீங்கள் துடிக்கும்போது எதிரே உட்கார்ந்து, "எனக்கெல்லாம் இதுவரைக்கும் ஒரு பல்லு ஆடினதில்ல" என்று அன்போடு தெரிவிப்பவர் யார்? பிரசவமாகிப் படுத்திருக்கிறவளின் கட்டில் ஓரத்தில் நின்று, "நான் மூணு பெத்தேன், மூணாம் நாள் எழுந்து துணி துவைச்சேன்" என்று வாழ்த்துகிறவர் யார்? வாடகை வீடு ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், "என் ரூம்ல ஒழுகலையே" என்று கூரையையே பொய்சாட்சி ஆக்குகிறவர் யார்? தமக்கு வலிக்காத இடம் யாருக்கும் வலிக்காது என்பது அவர்கள் கட்சி. மனித உடம்பு என்றால் அவர்கள் உடம்பு.

ஆனால் மற்ற அளவுகோல் மனிதர்கள் எல்லாரும் வாயால் மட்டும் அளக்கிறவர்கள். எங்கள் தலைமை விஞ்ஞானி அப்படியல்ல. அவர் எழுத்துப்பூர்வமான அளவுகோல். முத்திரை போட்ட அளவுகோல். மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைத்த அளவுகோல்.

அது எப்படி என்று சொல்வதற்கு எங்கள் வேலையைச் சொல்லவேண்டும். அம்மாவுக்குப் போனில் சொன்னதைப்போலவே சொல்கிறேன்.

"என்ன வேலைப்பா?"

"தசையில நொதி அளக்கற வேலைம்மா."

"தசைன்னா?"

"கால் தசை, கை தசை."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "இதுக்கா இவ்வளவு படிச்ச? கறிக்கடைக்குப் பட்டம் கேக்கறாங்களா இப்ப?"

கறிக்கடை இல்லை. சிலருக்குப் பார்க்க ஒரு குறையும் இருக்காது. ஆனால் பத்துப் படி ஏறினால் கால் இறுகிவிடும், கொஞ்சம் ஓடினால் சுருண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தின்ற சோற்றைத் தசைக்குள் பலமாக மாற்றுகிற வேலையைச் செய்பவை நொதிகள். அவற்றில் ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால், அடுப்பு இருந்தும் பற்ற வைக்க ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிடும் உடம்பு. அது எந்த நொதி என்று கண்டுபிடிக்க, தொடையில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, ஒரு பயறு அளவு தசையை எடுத்து, எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை ஐஸ் மேல் வைத்து அரைத்து, மருந்து கலந்து, கருவிக்குள் ஒளி பாய்ச்சி, நொதி எத்தனை வேகத்தில் வேலை செய்கிறது என்று அளப்போம்.

அளந்தால் ஓர் எண் வரும். அது கூடுதலா குறைச்சலா என்று எப்படித் தெரியும்? பக்கத்திலேயே ஆரோக்கியமான ஒருவருடைய தசையையும் வைத்து அளக்கவேண்டும். அவர் நூறு. நோயாளி அந்த நூற்றில் எத்தனை என்று எழுதவேண்டும்.

ஆரோக்கியமான மனிதன் எவன் சும்மா வந்து தொடையை நீட்டுவான்? அதனால் ஆய்வுக்கூடம் தொடங்கிய காலத்திலேயே தலைமை விஞ்ஞானி தம் தொடையைத் தாமே நீட்டிவிட்டார். தீர்ந்து போகும்போதெல்லாம் மறுபடி நீட்டினார். ஆறு தழும்புகள். குளிர்பெட்டியின் வலது பக்கத் தட்டில் முதல் வரிசைக் குப்பிகள் அத்தனையும் அவர். எல்லாவற்றிலும் '100' என்று ஒட்டியிருக்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நூறு சார்.

ஒரு மனிதனுக்கு இது நல்லதா? நீங்களே சொல்லுங்கள். வருகிற நோயாளிகள் அத்தனை பேரும் உங்களில் எத்தனை பங்கு என்று இருபது வருடம் தினம் எழுதினால் உங்கள் தலை கழுத்தின் மேல் நிற்குமா?

அவர் தலை நிற்கவில்லை. கேன்டீனில் டீ அவர் நாக்குக்கு இனித்தால் எல்லாருக்கும் போதுமான சர்க்கரை. ஜன்னல் அவர் மூக்குக்கு ஏற்றபடி திறக்கும், மூடும். ஸ்டூல்கள் எல்லாம் அவர் முழங்கால் உயரம். எங்கள் சீனியர் டெக்னீஷியன் அக்கா நாலரை அடி, அதனால் மேஜை எட்டுவதற்காகப் பதினோரு வருடமாக ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறாள். "சாருக்கு ரெண்டு காலும் தரையில படுது தம்பி. அப்ப எனக்கும் படுதுன்னுதான் அர்த்தம்" என்பாள், தொங்குகிற காலை ஆட்டிக்கொண்டே.

அவருடைய இன்னொரு புகழ் படிக்கட்டுச் சொற்பொழிவு. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை எடுக்கும். அந்த நாட்களில் அவர் படியேறுவார். சரியாக மூன்றாவது மாடித் திருப்பத்தில் நிற்பார். இடது கை கைப்பிடியைப் பற்றும், வலது கை மேலே எழும்பும், ஒரு கருத்து பிறக்கும். இளைஞர்களின் சோம்பல், தலையணையின் சரியான உயரம், ஒரு மனிதனுக்கு எத்தனை செருப்புப் போதும் என்று ஏதாவது ஒன்று. கூட வருகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு நிற்கவேண்டும். "சார், ஐஸ் கரையுது" என்று அக்கா சொன்னால், "கரையட்டும், விஷயத்தைக் கேளு" என்பார். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். ஏறும்போதுகூட அறிவைப் பகிராமல் இருக்க முடியாத மனிதர் என்று நான் ஊருக்குப் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் நாங்கள் ஐந்தாவதாக ஒரு நொதியையும் அளக்க ஆரம்பித்தோம். அதுவரை நாலுதான். புது நொதிக்கு முதல் ஒன்பது நோயாளிகளின் முடிவு வந்தது: இருநூற்று எண்பது, முந்நூறு, முந்நூற்றுப் பத்து. ஒன்பது பேரும் நூறு சாரைப்போல மூன்று மடங்கு.

வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்கள். நூறு சார் சொறியவில்லை. "இப்பல்லாம் ஆளாளுக்குச் சத்து மாத்திரை முழுங்கறாங்க. அதிகமாயிடுச்சு" என்றார். அதிகம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எந்த டாக்டரும் கேள்வி கேட்கவில்லை. குறைந்தால்தான் நோய்; கூடினால் யார் சண்டைக்கு வருவார்கள்?

பத்தாவதாக வந்தது ஒரு தபால்காரம்மாவின் தசை. கூட வந்த சீட்டில் டாக்டர் எழுதியிருந்தார்: வயது முப்பத்தெட்டு. மூன்று மாடி ஏறினால் தொடை இறுகி நின்றுவிடுகிறது. வேலை செய்ய மனமில்லாமல் நடிக்கிறார் என்று அலுவலகம் சொல்கிறது. குறை இருப்பதாக அறிக்கை தந்தால் உட்கார்ந்து செய்யும் வேலை, இல்லையென்றால் வேலை நீக்கம். பதினைந்து நாள் கெடு.

நாலு நொதிகள் ஒழுங்காக இருந்தன. ஐந்தாவதில் நூற்று மூன்று.

நூறு சார் அன்று அடைந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "பாரு, பாரு. பத்துப் பேர்ல ஒரு ஆள். மாத்திரை கீத்திரை இல்லாத சுத்தமான உடம்பு. அச்சு அசலா என்னை மாதிரி" என்றார். அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதினால் போதும். அவர் 'மிகச் சிறந்த இயல்பு' என்று எழுதினார். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு.

நான் என்ன செய்தேன்? உறையில் போட்டு ஒட்டினேன். முதல் வேலை, முதல் வருடம். ஒட்டு நன்றாகப் பிடிக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்தேன்.

அறிக்கையை வாங்க அந்தம்மா வந்த நாள் லிஃப்டின் விடுமுறை நாள். நூறு சார் முன்னால் ஏற, நான் ஐஸ் பெட்டியோடு பின்னால் ஏறினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்தம்மா நின்றுகொண்டிருந்தார். காக்கிப் பை தோளில். சுவரில் தீயணைப்பு விதிகள் என்று ஒரு பலகை உண்டு. நானறிய அதை ஒருவரும் படித்ததில்லை. அதை அவர் வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நூறு சாரும் நின்றார். இடது கை கைப்பிடிக்குப் போயிற்று, வலது கை எழும்பியது. "தம்பி, மனுஷன் தண்ணியை உட்கார்ந்துதான் குடிக்கணும். நான்..."

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். அவரை மேலிருந்து கீழே பார்த்தார், கைப்பிடியைப் பற்றிய விரல்களைப் பார்த்தார், மெல்லச் சிரித்தார்.

"உங்களுக்கும் இங்கதானா சார்?"

"எது?"

"கால் பிடிச்சுக்கற இடம். எனக்கும் இதே படிதான். தெருவுல யாராச்சும் பார்த்தா கேவலமா இருக்கும்னு, கவர்ல அட்ரஸ் படிக்கற மாதிரி நிப்பேன். இங்க கவரு இல்ல, போர்டைப் படிக்கறேன். நீங்க பரவால்ல, பேசிச் சமாளிக்கறீங்க."

"நான் ஒரு விஷயம் சொல்லிட்டிருந்தேம்மா" என்றார் நூறு சார்.

"அதான் சார். நல்ல வழி" என்றார் அந்தம்மா.

மேலே போனதும் அந்தம்மா உறையைப் பிரித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மிகச் சிறந்த இயல்புன்னா என்ன சார்?"

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னு அர்த்தம். அப்படியே என்னை மாதிரி இருக்கீங்க."

"அதான் சார் பயமா இருக்கு. நீங்க பத்துக் கவிதை எழுதற அளவுக்கு அங்க நின்னீங்க" என்றார் அந்தம்மா. அப்புறம் குரல் இறங்கியது. "இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா நாளைக்கே பையைப் பிடுங்கிடுவாங்க. நான் நடிக்கறேன்னு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆச்சே. கெடு முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. வேற எங்கயாச்சும் பார்க்கலாமா?"

அக்கா டைரக்டரியின் மேலிருந்து இறங்கினாள். பதினோரு வருடத்தில் அவள் தானாக இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"சார், ஒன்பது பேருக்கும் அதிகம்னு எழுதினோம்."

"ஆமா."

"ஒன்பது பேருக்கும் அதிகம்னா, யாருக்கோ குறைச்சல்னு அர்த்தம் இல்லையா சார்?"

நூறு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின்ல கோளாறு" என்றார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. "மருந்து பழசு." மருந்து முந்தின வாரம் வந்தது. அவருக்கு எஞ்சியிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். எங்களைப் பார்த்தார். "அப்ப நீங்க தொடையைக் குடுங்க. பார்த்துடலாம்" என்றார், சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி.

கொடுத்தோம். நான், அக்கா, கீழே நிற்கிற வாட்ச்மேன் அண்ணன், மூன்று பேர். மறுநாள் முதல் மாடி டாக்டர் எடுத்தார். எங்கள் குடும்பத்தில் பட்டத்தில்தான் நான் முதல் என்று நினைத்திருந்தேன், இதிலும் முதல். வாட்ச்மேன் அண்ணன் மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்: "எடுத்ததை அளந்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்களா தம்பி?"

அளவை நூறு சார் எங்களிடம் விடவில்லை. அவரே அரைத்தார், அவரே கலந்தார், கருவியின் முன்னால் அவரே உட்கார்ந்தார். கருவித் திரையில் எங்கள் மூன்று பேர் கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே சரிவில் ஏறின. அவர் கோடு அவற்றின் கீழே, தரையோடு தரையாகப் போயிற்று. மறுபடி செய்தார். அதே கோடு. எங்கள் சராசரியை நூறு என்று வைத்தால் நூறு சார் முப்பத்து நாலு. தபால்காரம்மா முப்பத்தைந்து.

"அந்தம்மா உங்களைவிட ஒண்ணு கூட சார்" என்றாள் அக்கா. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பதினோரு வருட டைரக்டரி.

அவர் கருவியை அணைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். "எங்கப்பா என்னைக் கடைக்கு அனுப்பினா நான் நடுவுல நிப்பேன். ஏண்டா நின்னன்னு கேப்பாரு. நான் வேடிக்கை பார்த்தேன்னு சொல்வேன். அப்படியே சொல்லிச் சொல்லி, வேடிக்கை பார்க்கத்தான் நிக்கறேன்னு நானே நம்பிட்டேன்."

"ஸ்வெட்டர் வேணுமா சார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே பழைய அறிக்கையை ரத்து செய்து, தவறு ஆய்வுக்கூடத்துடையது என்று தம் கையாலேயே எழுதி, புதிய அறிக்கை தந்தார். ஒன்பது பேருக்கும் திருத்திய அறிக்கை போயிற்று. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் தபால்காரம்மா தம் அலுவலகத்தில் அதைக் கொடுத்தார். கோடு போடாத வெறும் கையெழுத்துதான், செல்லுபடியாயிற்று.

இத்தோடு ஓர் அளவுகோல் முறிந்தது என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வாரம் தலை குனிந்திருந்தார். எட்டாம் நாள் நிமிர்ந்தார். பரிசோதனைக்கு ஆரோக்கியமான தசை மட்டும் இருந்தால் போதாது, குறை உறுதியாகத் தெரிந்த தசையும் ஒன்று பக்கத்தில் வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். ஏழாவது தடவையாகத் தொடையை நீட்டிவிட்டார். இப்போது லிஃப்ட் ஓடாத நாளில் யாராவது மூச்சு வாங்கி நின்றால் அருகில் போய்க் கரிசனமாகச் சொல்கிறார்: "இதெல்லாம் ஒரு வலியா? எனக்கு இருக்கறதுல பாதிகூட உனக்கு இருக்காது. குறைபாடுன்னா நான். இங்க அதுக்கு நான்தான் அளவு."

நான் சிரித்துக்கொண்டிருந்தேன், போன மாதம் வரைக்கும். தங்கை போன் செய்து, ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை, பாடம் ஏறவில்லை, அழுகை வருகிறது என்றாள். "எனக்கெல்லாம் எங்க படுத்தாலும் தூக்கம் வந்துச்சே. நான் படிச்சு முடிக்கலையா?" என்றேன். அவள், "சரிண்ணே, நீ நூறுதான்" என்று வைத்துவிட்டாள். நான் சொன்ன கதைகளை எல்லாம் அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள். திரும்பக் கூப்பிட எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

நீங்கள் அப்படி இல்லை. தெரியும். இதைப் படிக்கும்போது மாமா ஞாபகம் வந்தது, மேலதிகாரி ஞாபகம் வந்தது, மாடி வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. 'எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் இப்படித்தான், நான் ஒருத்தன்தான் சரியா இருக்கேன்' என்றும் ஒரு நினைப்பு வந்திருக்கும். அந்தக் கடைசி நினைப்பை மட்டும் கொஞ்சம் ஐஸில் போட்டு வையுங்கள், அளந்து பார்க்கவேண்டும்.

தபால்காரம்மா இப்போது தபால் நிலையத்தில் இரண்டாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்துகிறார். அக்காவுக்குக் கால் வைக்கப் பலகை உள்ள உயரமான ஸ்டூல் ஒன்று வந்திருக்கிறது. நூறு சார் குளிர்பெட்டியின் இடது பக்கத் தட்டில் இருக்கிறார், குறைபாடுகள் வரிசையில் முதல் குப்பி. வலது பக்கத் தட்டில் நானும் அக்காவும் வாட்ச்மேன் அண்ணனும் இன்னும் பதினாறு பேரும் இருக்கிறோம். இருபது ஆனால்தான் கணக்குச் சரியாகும். ஓர் இடம் காலி. வருவதானால் படியேறி வாருங்கள். நடுவில் எங்கே நின்று என்ன பேசுகிறீர்கள் என்று பார்க்கவேண்டும்.